விரலுக்குக் கண் கொடுத்த லூயி பிரெயில்

அப்பாவின் பட்டறையில் யாரும் இல்லாத நேரம். சின்னப் பையன் ஒருவன் உள்ளே புகுந்தான். தோலில் ஓட்டை போடும் குத்தூசி ஒன்று அங்கே கிடந்தது. அதை எடுத்தான். அப்பா செய்வதைப்போலத் தானும் ஒரு தோல் துண்டில் குத்திப் பார்த்தான். ஊசி வழுக்கியது. நேராகக் கண்ணில் போய்க் குத்திவிட்டது!

பையனுக்கு அப்போது வயது 3. அவன் பெயர் லூயி பிரெயில். கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கிறார்களே, அந்தப் புள்ளி எழுத்தைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

சேணம் செய்பவரின் மகன்

பிரான்சு நாட்டின் தலைநகரம் பாரீசு. அதற்குக் கிழக்கே சுமார் 20 மைல் தூரத்தில் கூப்வரே என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே சைமன் என்பவர் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்து பிழைத்து வந்தார். அவருக்கு 4 பிள்ளைகள். கடைசிப் பிள்ளைதான் லூயி. 1809-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி பிறந்தான்.

குத்துப்பட்ட கண்ணில் சீழ் பிடித்தது. கிருமிகளால் நோய் பரவுகிறது என்பதே அந்தக் காலத்து வைத்தியர்களுக்குத் தெரியாது. புண், ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கும் தாவியது. 5 வயதில் இரண்டு கண்களிலும் பார்வை அடியோடு போய்விட்டது.

அந்தக் காலத்தில் கண் தெரியாத ஏழைப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பிச்சைதான் கதி. சைமனும் அவர் மனைவியும் அதற்கு விடவில்லை. மற்ற பிள்ளைகளைப்போலவே லூயியையும் வளர்த்தார்கள். வீட்டு வேலை பழக்கினார்கள். ஊர்ப் பாதிரியார் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

ஆசிரியர் வாயால் சொல்வதை எல்லாம் லூயி அப்படியே மனதில் வாங்கிக்கொண்டான். மற்ற பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்ததும் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அறிவு இருந்தது, ஆசை இருந்தது. புத்தகத்துக்குள் நுழைய வழிதான் இல்லை!

தூக்க முடியாத புத்தகங்கள்

கண் தெரியாத பிள்ளைகளுக்கென்றே பாரீசில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வாலந்தீன் ஹாயுய் என்ற நல்லவர் ஆரம்பித்தது. இவர் ஒருநாள் சந்தைக்குப் போனார். அங்கே கண் தெரியாத சிலருக்குக் கோமாளி வேடம் போட்டு, அட்டைக் கண்ணாடி மாட்டி, கூட்டம் சிரிப்பதற்காக வாத்தியம் வாசிக்க வைத்திருந்தார்கள். ஹாயுய்க்கு மனம் பொறுக்கவில்லை. இவர்களையும் படிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பி, பள்ளிக்கூடம் தொடங்கினார்.

1819-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் லூயி அங்கே சேர்ந்தான். வயது 10. கட்டிடம் மிகப் பழையது. சுவரெல்லாம் ஈரம் கசியும். ஆனால், அங்கே கண் தெரியாதவர்கள் படிக்கும் புத்தகம் இருந்தது. லூயிக்கு அது போதும்.

புத்தகம் கைக்கு வந்ததும்தான் விஷயம் புரிந்தது. கண்ணால் படிக்கும் அதே எழுத்தை, தாளில் மேடாக எழும்பும்படி அச்சு அழுத்தி இருந்தார்கள். விரலுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. ஒரு பக்கத்தில் சில வரிகள்தான் அடங்கும். புத்தகமோ மகா கனம்! ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். வளைவுகள் விரலைக் குழப்பும். ஒரு வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அச்சிடச் செலவு அதிகம் என்பதால் புத்தகங்களும் மிகச் சில.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த எழுத்தை அவர்கள் தாங்களாக எழுத முடியாது. நினைத்ததைக் குறித்து வைக்க முடியாது. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத முடியாது.

ஹாயுய் நல்ல மனதோடுதான் செய்தார். அதில் சந்தேகம் இல்லை. கண் உள்ளவர்களுக்கு எது வசதியோ, அதையே விரலுக்கும் கொடுத்தார். கோளாறு அங்கேதான்.

பட்டாளத்துக்காரரின் புள்ளிகள்

1821-ம் ஆண்டு சார்லஸ் பார்பியே என்பவர் பள்ளிக்கூடத்தில் ஒரு புது முறையைக் காட்டினார். அவர் முன்பு பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்தவர். அவருடைய முறையில் எழுத்தே கிடையாது. மேடான புள்ளிகள்தான். பலகையில் தாளை வைத்து, ஊசியால் குத்தவேண்டும். புரட்டித் தடவினால் புள்ளிகள் தெரியும்.

லூயி தடவிப் பார்த்தான். விரலுக்குப் புள்ளி எவ்வளவு சுலபமாகப் புலப்படுகிறது! அதோடு, இதைத் தன் கையாலேயே எழுதலாம்!

ஆனால் இதிலும் குறை இருந்தது. ஒரு ஒலியைக் குறிக்க 12 புள்ளிகள் வரை வேண்டியிருந்தது. ஒரே தொடுதலில் அத்தனையும் விரல் நுனியில் அடங்காது. மேலும் கீழும் தேடவேண்டும். சொற்களைச் சரியான எழுத்துக்கூட்டி எழுத வழி இல்லை. எண்கள் இல்லை. முற்றுப்புள்ளி இல்லை.

லூயி யோசிக்கத் தொடங்கினான். பகலெல்லாம் வகுப்பு. இரவில் மற்றவர்கள் தூங்கும்போது அவன் பலகையும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பான். இருட்டானால் என்ன, அவனுக்கு விளக்கு வேண்டாமே! விடுமுறையில் ஊருக்குப் போனாலும் இதே வேலைதான்.

3 ஆண்டுகள் ஓடின. 1824-ம் ஆண்டு முறை உருவாகிவிட்டது. அப்போது அவனுக்கு வயது 15!

ஆறே புள்ளிகள்

பகடைக் காயில் ஆறு விழுந்தால் எப்படி இருக்கும்? இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளிகள். லூயியின் எழுத்தும் அவ்வளவுதான். விரல் நுனி ஒருமுறை பட்டாலே முழு எழுத்தும் தெரிந்துவிடும்.

ஆறு புள்ளிகளில் எதை வைக்கிறோம், எதை விடுகிறோம் என்பதைக் கொண்டு 63 வடிவங்கள் வரும். எழுத்துகளுக்கும், எண்களுக்கும், நிறுத்தக் குறிகளுக்கும் இவை போதும். சங்கீதத்தையும் லூயி விடவில்லை. அவன் ஆர்கன் வாத்தியம் வாசிப்பதில் கெட்டிக்காரன். பிற்காலத்தில் பாரீசு மாதா கோவில்களில் வாசித்தவன். அதனால் இசைக்குறிப்பு எழுதவும் இதே புள்ளிகளில் வழி செய்தான்.

வலமிருந்து இடமாகக் குத்தவேண்டும். தாளைப் புரட்டினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். கண்ணைப் பறித்ததும் ஊசிதான், எழுத்தைக் கொடுத்ததும் ஊசிதான்.

1829-ம் ஆண்டு தன் முறையை விளக்கி ஒரு புத்தகம் வெளியிட்டார். வயது 20. (இனி அவரை அவன் என்று சொல்வது முறையல்ல!) பார்பியேயின் முறையிலிருந்துதான் தனக்கு வழி கிடைத்தது என்பதை அந்தப் புத்தகத்திலேயே மறைக்காமல் எழுதினார். படித்த பள்ளிக்கூடத்திலேயே அவர் ஆசிரியரும் ஆனார்.

எழுத்துக்குத் தடை

உலகம் உடனே கொண்டாடி இருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை.

மாணவர்களுக்குப் புள்ளி எழுத்து உயிர். ஆனால் பாடம் நடத்தியவர்களில் கண் உள்ளவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. தங்களால் படிக்க முடியாத எழுத்தை மாணவர்கள் படிப்பதா என்று எண்ணினார்கள். கண் உள்ளவர்களின் எழுத்தும் இவர்கள் எழுத்தும் வேறு வேறானால், இவர்கள் தனியாக ஒதுங்கிப் போவார்கள் என்றும் வாதம் செய்தார்கள். எழுத்தே இல்லாமல் இவர்கள் எவ்வளவு காலம் ஒதுங்கிக் கிடந்தார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1840-ம் ஆண்டு தலைமை ஆசிரியர் பின்யே விலக்கப்பட்டார். அவர் லூயிக்கு ஆதரவாக இருந்தவர். அவர் இடத்துக்கு டூபோ என்பவர் வந்தார். புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார். பழைய புத்தகங்கள் தீயில் போடப்பட்டன என்று லூயியின் வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

மாணவர்கள் கேட்கவில்லை. ஒளித்து வைத்து எழுதினார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருமுறை படிக்கப் பழகிய விரலை யாரால் நிறுத்த முடியும்?

இதற்குள் லூயியைக் காசநோய் பிடித்துக்கொண்டது. இருமலும் இரத்தமுமாகக் கஷ்டப்பட்டார். அந்த ஈரக் கட்டிடத்தில் வாழ்ந்ததுதான் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். நோயோடு நோயாக இன்னொரு முறையையும் கண்டுபிடித்திருந்தார். கண் தெரியாதவர் எழுதியதைக் கண் உள்ளவரும் படிக்கும்படி, சாதாரண எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் குத்தும் முறை அது. 1839-ல் வெளியிட்டார். ஒதுங்கிப் போவார்கள் என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் ஏது?

டூபோவுக்கு உதவியாளராக வந்த குவாதே என்பவர் மாணவர்களின் ஆர்வத்தைப் பார்த்தார். இதைத் தடுப்பது வீண் என்று தலைவருக்கு எடுத்துச் சொன்னார். டூபோவும் மனம் மாறினார். 1844-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், பள்ளிக்கூடத்தின் புதிய கட்டிடத்தில் விழா நடந்தது. பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் லூயியின் முறையைப் பற்றிக் குவாதே புகழ்ந்து பேசினார். எழுத்து தப்பியது!

எரிக்கச் சொன்ன பெட்டி

எழுதியவர் தப்பவில்லை. 1852-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ந் தேதி லூயி பிரெயில் இறந்தார். 43 வயது முடிந்து இரண்டே நாட்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. திறக்காமல் எரித்துவிடவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். இருந்தவர்கள் ஆவலை அடக்க முடியாமல் திறந்தார்கள். உள்ளே கடன் சீட்டுகள்! மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் கொடுத்த பணம். ஒருவரும் திருப்பித்தர வேண்டாம் என்பது அவர் எண்ணம். பிறகு அந்தச் சீட்டுகளை எரித்தார்கள்.

அவர் இறந்து 2 ஆண்டு கழித்து, 1854-ல், அந்தப் பள்ளிக்கூடம் புள்ளி எழுத்தை முறைப்படி ஏற்றது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக ஏற்றன. அமெரிக்காவில் மட்டும் எந்தப் புள்ளி நல்லது என்று பல ஆண்டுகள் சண்டை. 1932-ல்தான் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒரே முறைக்கு வந்தன.

நம் நாட்டில் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் 1951-ல் வந்தது. தமிழில் அ என்பது ஒரே ஒரு புள்ளி, இடப்பக்கம் மேலே. இடப்பக்கத்து மூன்று புள்ளிகளையும் வைத்தால் ல.

1952-ல் லூயியின் உடலைக் கூப்வரேயிலிருந்து எடுத்துச் சென்று, பிரான்சின் மாமனிதர்கள் உறங்கும் பாந்தியோன் மண்டபத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய கைகளை மட்டும் சொந்த ஊர்க்காரர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அவை இன்றும் கூப்வரேயில் இருக்கின்றன.

கணினியில் வந்த பழைய வழக்கு

இப்போது புத்தகசாலை கணினிக்குள் வந்துவிட்டது. உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்து வைத்திருக்கும் தளங்கள் பல. வீட்டில் இருந்தபடியே தேடிப் படிக்கலாம். கண் தெரியாத மாணவருக்கு, திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. கணினியோடு இணைக்கும் ஒரு பட்டையும் உண்டு. அதில் சிறு ஊசிகள் எழும்பி, எழும்பி, லூயியின் புள்ளிகளாகவே விரலுக்குத் தெரியும். வரி முடிந்ததும் ஊசிகள் இறங்கி, அடுத்த வரி எழும்பும்.

இவ்வளவு இருந்தும் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. பழைய கட்டுரைகள் பலவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். கண்ணுக்கு எழுத்து தெரியும். மென்பொருளுக்கு அது வெறும் படம். ஊசி எழும்பாது, குரல் வராது. தேடு என்ற பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் படம் மட்டும் போட்டிருப்பார்கள். அது பொத்தான் என்பது தெரியுமே தவிர, என்ன பொத்தான் என்பது தெரியாது. சுட்டியைப் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்களுக்கும் இதே தொல்லை. விசைப்பலகையால் மட்டும் போக முடியாத பக்கங்கள் ஏராளம். இதுவும் ஹாயுயின் புத்தகத்தில் இருந்த அதே கோளாறுதான். கண் உள்ளவர் வசதிக்குக் கட்டியது.

இங்கேயும் வழி கண்டவர்களில் கண் தெரியாதவர்கள் உண்டு. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் விலை, ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006-ல் ஒன்றைத் தானே எழுதத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருக்கும் பார்வை இல்லை. என்.வி.டி.ஏ. என்ற அந்த மென்பொருளை யாரும் காசு கொடுக்காமல் பெறலாம்.

பார்வையற்றோர் படிக்கும் வடிவில் புத்தகங்களை மாற்றவும், நாடுவிட்டு நாடு அனுப்பவும் பதிப்புரிமைச் சட்டம் இடைஞ்சலாக இருந்தது. அதை நீக்க 2013-ல் மொராக்கோ நாட்டின் மராக்கேசு நகரில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2014-ல் அதை முதலாவதாக உறுதி செய்த நாடு இந்தியா. 2016-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

படமாகக் கிடக்கும் பக்கத்தை எழுத்தாக மாற்றக் கணினிக்கே தெரியும். சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும். பொத்தானுக்குப் பெயர் வைக்கச் சில நிமிடங்கள் போதும். வரைபடத்தின் கீழே நாலு வரி விளக்கம் எழுதினால், அதையும் விரல் படித்துவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகங்கள் பல, ஒரு தளத்துக்குச் சந்தா கட்டும் முன்பே, கண் தெரியாதவர் இதில் படிக்க முடியுமா என்று எழுத்து மூலம் பதில் கேட்டு வாங்குகின்றன.