போர்களை எழுதி வைத்த குமாஸ்தா: அஞ்சுதெங்கில் பிறந்த ராபர்ட் ஓர்ம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், கடலுக்கும் காயலுக்கும் நடுவே கிடக்கும் சிற்றூர் அஞ்சுதெங்கு. அங்குள்ள பழைய கோட்டையைக் கண்டிருப்போர் பலர். ஆனால் தமிழ்நாட்டுப் போர்களை விரிவாக எழுதி வைத்த ஆசிரியர் பிறந்த ஊர் அது என்பதை அறிந்தோர் சிலரே. அவர் பெயர் ராபர்ட் ஓர்ம்.

மிளகு வாணிபத்துக்காக ஆற்றிங்கல் ராணியிடம் இடம் பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் கட்டிய கோட்டை அது. 1721-ல் ஆற்றிங்கலில் மக்கள் வெகுண்டெழுந்து கம்பெனியாரைக் கொன்றனர். அந்தக் கலகம் நடந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1728 டிசம்பர் 25-ந் தேதி ஓர்ம் பிறந்தார். தந்தை கம்பெனியின் வைத்தியர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட ஓர்ம், ஹாரோ பள்ளியில் படித்தார்.

1743-ல் வங்காளத்தில் கம்பெனி உத்தியோகத்தில் அமர்ந்தார். பதவியின் பெயர் 'ரைட்டர்'. அதாவது குமாஸ்தா. கணக்கு எழுதுவதும் கடிதங்களுக்கு நகல் எடுப்பதும்தான் வேலை. சென்னையில் அதே வேலையில் தொடங்கிய ராபர்ட் கிளைவ் பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். ஓர்ம் கடைசி வரை பேனாவை விடவில்லை.

1754-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனை சபையில் அங்கத்தினரானார். கல்கத்தா வீழ்ந்த செய்தி 1756-ல் வந்தபோது, கிளைவைத் தளபதியாக அனுப்ப வேண்டுமென்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். பிளாசி யுத்தத்துக்கு வழி வகுத்த முடிவு அது. 1758-ல் தாயகம் புறப்பட்ட அவர், வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் கப்பலோடு பிடிபட்டார். 1760-ல்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்கள் பற்றிய அவரது வரலாற்றின் முதல் பாகம் 1763-ல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1778-ல் வந்தது. 1769-ல் கம்பெனியே அவரைத் தன் வரலாற்றாசிரியராக நியமித்தது.

எத்தனை பேர், எத்தனை பீரங்கி, எந்த வழி என்று ஒவ்வொன்றையும் நுணுக்கமாக எழுதுவது அவர் வழக்கம். 1751-ல் நடந்த ஆற்காடு முற்றுகையை எடுத்துக் கொள்வோம். கிளைவ் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் சென்றது, முற்றுகை 50 நாள் நீடித்தது, கதவை உடைக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டி ஏவப்பட்ட யானைகள் துப்பாக்கிக் குண்டு பட்டுத் திரும்பி ஓடித் தங்கள் ஆட்களையே மிதித்தது, எல்லாம் அவர் நூலில் உண்டு. விவரம் மிதமிஞ்சி விட்டது என்று பிற்காலத்தில் மெக்காலே குறை கூறினார்.

ஆனால் நமக்கு உதவுவது அந்த விவரங்களே. 1755-ல் கர்னல் ஹெரான் படை நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியதையும், மதுரைப் பகுதிக் கோயிலிலிருந்து எடுத்துச் சென்ற சிலைகளை நத்தம் கணவாயில் கள்ளர்கள் பாய்ந்து மீட்டதையும் ஓர்ம் எழுதியுள்ளார். தன் கம்பெனி தலைகுனிய வேண்டிய சம்பவம் என்று அதை அவர் மறைக்கவில்லை. கான்சாகிப் எனப்படும் யூசுப்கானின் போர்த் திறமையையும் பதிவு செய்தார்.

எனினும் அது கம்பெனியின் கண் கொண்டு எழுதிய கதை. பாளையக்காரர்கள் ஏன் கப்பம் கட்ட மறுத்தனர் என்பதை அவர்கள் வாயிலாக அவர் கேட்கவில்லை. நூல் 1761-ம் ஆண்டோடு நின்று விட்டதால், 1764-ல் கம்பெனியை எதிர்த்து நின்ற யூசுப்கான் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கதையும் அதில் இல்லை.

1801 ஜனவரி 13-ந் தேதி, லண்டனை அடுத்த ஈலிங்கில் ஓர்ம் காலமானார். அவர் சேர்த்த கையெழுத்துப் பிரதிகள் கம்பெனிக்குச் சென்று, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பூலித்தேவர், யூசுப்கான் வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அவர் நூலைப் புரட்டாமல் இருக்க முடியாது. எதிரியின் குமாஸ்தா எழுதி வைத்த கணக்கிலிருந்தும் நம் வீரர்களின் கதையை நாம் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.