செல்லோ இசையரசி சூஜியா அம்மையார்

பெண்களுக்கு ஆகாது என்று உலகம் ஒதுக்கிவைத்த கலைகள் பல. அவற்றுள் ஒன்றைத் தம் உழைப்பால் வென்றவர் கில்லர்மீனா சூஜியா அம்மையார். இவர் போர்ச்சுக்கல் நாட்டின் போர்ட்டோ நகரில் 1885ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் பிறந்தார்.

செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய இசைக்கருவி. அதை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, அமர்ந்து, வில்லால் வாசிக்க வேண்டும். அவ்வாறு அமர்வது பெண்களுக்கு அழகன்று என அக்காலத்தார் கருதினர். அதற்கு அஞ்சி, இரு கால்களையும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு வாசித்த பெண்களும் உண்டு! செல்லோக் கலைஞரான தந்தை அகஸ்டோ ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தவில்லை. தாமே மகளுக்கு ஆசிரியரானார். ஏழு வயதில் சூஜியா மேடை ஏறினார். சிறுமியாக இருந்தபோதே உள்ளூர் இசைக்குழுவில் பெரியவர்களுடன் அமர்ந்து வாசித்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாப்லோ காசல்ஸ் 1898இல் அருகிலுள்ள எஸ்பின்யோவுக்கு வந்தபோது, அவரிடமும் பாடம் கேட்டார்.

1901இல் அரசி அமேலியாவின் உதவித்தொகை கிடைத்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குச் சென்று ஜூலியஸ் கிளெங்கலிடம் பயின்றார். 1903இல், பதினேழாம் வயதில், அந்நகரின் பெருமைமிக்க கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவுடன் தனிக் கலைஞராக வாசித்தார். பின்னர் லண்டன் மாநகரம் அவரைக் கொண்டாடியது. ஓவியர் அகஸ்டஸ் ஜான், செந்நிற நெடிய ஆடையில் நிமிர்ந்து அமர்ந்து செல்லோ வாசிக்கும் அவரைத் தீட்டி 1923இல் முடித்தார்.

பிற்காலத்தில் போர்ட்டோவில் இளையோருக்குக் கற்பித்த அம்மையார், 1950 ஜூலை 30இல் மறைந்தார். 1717இல் ஸ்ட்ராடிவாரி செய்த தம் அரிய செல்லோவை விற்று, இளம் செல்லோக் கலைஞர்களுக்கு உதவ வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அந்நிதியின் பரிசை 1955இல் இலங்கைப் பெற்றோரின் மகனான ரோஹன் டி சேரம் பெற்றார். 1956இல் பதினொரு வயது ஆங்கிலச் சிறுமி ஜாக்குலின் டு ப்ரே பெற்றார். இருவரும் பின்னர் உலகறிந்த கலைஞர்களாயினர்.

அரசியின் உதவியால் கற்ற பெண், தாம் பெற்றதைப் பன்மடங்காகத் திருப்பித் தந்தார். பிறர் உதவியால் கல்வி பெறும் நாம், நமக்குப் பின் வருவோருக்கு எதை விட்டுச் செல்லப்போகிறோம்? சிந்திப்போமாக!