ஜோர்ஜ் கட்பரி: கொக்கோவும் மனச்சாட்சியும்

உயர்தர வகுப்பில் வணிகக்கல்வியைத் தெரிவு செய்த நாள் முதல், வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்ற பகுதியை நான் பரீட்சைக்காகவே மனனம் செய்து வந்தேன். ஐந்து விடயங்களை எழுதினால் ஐந்து புள்ளிகள் கிடைக்கும். அது மனிதர்கள் இரவில் தூக்கமின்றி யோசிக்கும் விடயம் என்பதை எனக்கு உணர்த்தியது வாப்பாவின் மிளகாய் அரைக்கும் மில்தான்.

வாப்பா செத்தல் மிளகாயை அரைத்துப் பொதி செய்து ஊர்க் கடைகளுக்குக் கொடுப்பவர். சென்ற வருடம் செத்தல் விலை ஏறியபோது, வேறோர் இடத்திலிருந்து குறைந்த விலையில் மிளகாய்த்தூள் வரத் தொடங்கியது. அதில் அரிசிமா கலந்திருப்பது கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் கடைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கம் மாறினார்கள். ஓரிரவு வாப்பாவும் உம்மாவும் தாழ்ந்த குரலில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாமும் கொஞ்சம் கலந்தால் என்ன என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து அமர்ந்தது. அந்த நாட்களில்தான் ஜோர்ஜ் கட்பரியின் வரலாற்றை வாசிக்க நேர்ந்தது. சொக்லட் உறையில் மட்டும் கண்டிருந்த ஒரு பெயருக்குப் பின்னால் இதே கேள்வியோடு போராடிய ஒரு மனிதர் இருந்தார்.

ஜோர்ஜ் கட்பரி 1839 ஆம் ஆண்டு செப்டெம்பர் 19 ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். தந்தையார் ஜோன் கட்பரி 1824 இல் அந்நகரின் புல் வீதியில் தேயிலை, கோப்பி, கொக்கோ விற்கும் கடையொன்றைத் திறந்தவர். அவர்கள் குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். அப்பிரிவினருக்கு அக்காலத்தில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வாசல் திறந்திருக்கவில்லை. எனவே பலர் வணிகத்தில் இறங்கினர். மது ஏழைக் குடும்பங்களைச் சீரழிப்பதைக் கண்ட அவர்களுக்குக் கொக்கோ வெறும் விற்பனைப் பொருளாக இருக்கவில்லை. மதுவுக்குப் பதிலாக மக்கள் அருந்தத்தக்க பானமாகவும் அதைக் கருதினர்.

1861 இல் தந்தையின் தொழில் மூத்த சகோதரர் ரிச்சர்டினதும் ஜோர்ஜினதும் கைக்கு வந்தபோது அது நட்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது. ஜோர்ஜுக்கு அப்போது 21 வயது. தாயார் விட்டுச்சென்ற சொத்திலிருந்து ஆளுக்கு 4,000 பவுணை அதில் இட்டனர். ஜோர்ஜ் தேநீரையும் காலைப் பத்திரிகையையும்கூட நிறுத்திச் சிக்கனமாக வாழ்ந்தார். தொழில் தோற்றால் இந்தியாவுக்குச் சென்று தேயிலைத் தோட்டக்காரராவது என்றுகூட எண்ணியிருந்தார்.

இங்கேதான் என் மனம் வாப்பாவின் மில்லை நினைத்தது. அக்காலத்துக் கொக்கோத் தூளில் கலப்படம் வழமையாக இருந்தது. கொக்கோவின் கொழுப்பை மறைக்க உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசி மாவும் பாகும் சேர்த்தார்கள். கட்பரி சகோதரர்களும் அதையே செய்தனர். தாங்கள் விற்ற பானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கொக்கோ என்பதை ஜோர்ஜ் பிற்காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஒல்லாந்தில் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பொறி இருப்பதை அறிந்து, அதனை வாங்கி வந்தார். 1866 இல் மாவு எதுவும் கலக்காத கொக்கோ சந்தைக்கு வந்தது. அது மலிவான பொருளல்ல. ஆனால், உணவுக் கலப்படம் குறித்து மக்கள் விழித்தெழுந்த காலம் அது. 1870களில் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் வந்தபோது, தூய்மையையே விளம்பரமாக்கிய கட்பரியின் பெயர் நாடெங்கும் பரவியது. நேர்மை இலாபம் தந்தது. ஆனால் இலாபம் வரும் என்ற உறுதி முன்கூட்டியே அவருக்கு இருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

ஜோர்ஜ் ஞாயிறுதோறும் அதிகாலையில் எழுந்து, முதியோர் பாடசாலைக்குச் சென்று தொழிலாளருக்கு எழுத்தும் வாசிப்பும் கற்பித்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு இப்பணியைத் தொடர்ந்தார். மாணவர்களின் வீடுகளுக்குச் சென்றபோது காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகளைக் கண்டார். நல்ல வீடு இல்லாமல் நல்ல வாழ்வு இல்லை என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது அந்த அனுபவம்தான்.

1879 இல் தொழிற்சாலை நகரத்திலிருந்து நான்கு மைல் தொலைவிலுள்ள வயல்வெளிக்கு மாறியது. அவ்விடத்துக்குப் போர்ன்வில் என்று பெயரிட்டனர். விளையாட்டுத் திடல்கள், தோட்டங்கள், உணவைச் சூடாக்கும் சமையலறை என்று அக்காலத் தொழிலாளர் எதிர்பார்த்திராத வசதிகள் அங்கே இருந்தன. இருபது ஆண்டுகளில் சில நூறாக இருந்த ஊழியர் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. 1895 இல் அருகிலேயே வீடுகள் கட்டத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டுக்கும் பழமரங்களோடு தோட்டம் அமைந்தது. தம் ஊழியருக்கு மட்டுமன்றி மற்றவர்களுக்கும் அங்கே இடமளித்தார். 1900 இல் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திடம் ஒப்படைத்து, தன் சொந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்.

எல்லாமே பொன்னாக இருக்கவில்லை. அங்கே வேலை செய்த பெண்கள் திருமணமானதும் வேலையை விட்டு விலக வேண்டும் என்ற விதி இருந்தது. ஒரு பெண்கள் கல்லூரி மாணவியாக அந்த வரியை என்னால் இலகுவில் கடந்து செல்ல முடியவில்லை. அதைவிடப் பெரிய சோதனை கடல் கடந்த ஒரு தீவிலிருந்து வந்தது.

மேற்கு ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்தே கட்பரி நிறுவனம் தன் கொக்கோவில் பெரும்பங்கை வாங்கியது. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அத்தோட்டங்களில் வேலை செய்தனர். காகிதத்தில் அது ஒப்பந்தம், உண்மையில் அடிமைத்தனம். போனவர்கள் ஊர் திரும்பவில்லை. 1901 இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் இதைக் கேள்விப்பட்டார். விசாரித்தறிய 1905 இல் ஜோசப் பேர்ட் என்பவரை அனுப்பினர். அவருடைய அறிக்கை செய்தியை உறுதிப்படுத்தியது. எனினும் வாங்குபவராக இருந்தால்தான் போர்த்துக்கேய அரசை வற்புறுத்த முடியும் என்ற எண்ணத்தில் நிறுவனம் 1909 வரை வாங்கிக்கொண்டே இருந்தது. இதே காலத்தில், தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் படும் துன்பத்தை ஜோர்ஜுக்குச் சொந்தமான டெய்லி நியூஸ் பத்திரிகை கண்டித்து எழுதி வந்தது.

1908 இல் இன்னொரு பத்திரிகை இந்த முரண்பாட்டைக் குத்திக்காட்டியது. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 இறுதியில் பேர்மிங்ஹாம் நீதிமன்றத்தில் ஜூரிகள் கட்பரிக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தனர். ஆனால் நட்டஈடாகக் கொடுத்தது ஒரு பார்திங், அதாவது கால் பென்னி மட்டுமே. வழக்கில் வென்றவரின் தலை குனிந்த தீர்ப்பு அது. அந்த ஆண்டின் மார்ச் மாதமே சாவோ தோமேக் கொக்கோவை வாங்குவதில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. பின்னர் இன்றைய கானாவான கோல்ட் கோஸ்டின் சிறு விவசாயிகளிடம் வாங்கியது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்திருந்தால் எத்தனை பேரின் உழைப்பு அவர்களின் கணக்கில் சேராமல் இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

1922 ஒக்டோபர் 24 இல், 83 ஆவது வயதில் ஜோர்ஜ் கட்பரி காலமானார். அவருக்கு இறுதி மரியாதை செலுத்த ஆயிரக்கணக்கானோர் போர்ன்வில்லில் திரண்டனர். அவர் அமைத்த நிதியம் இன்றும் அந்த வீடுகளைப் பராமரித்து வருகிறது.

தூய்மையான பொருளைக் கொடுப்பதும், வேலை செய்பவரை மனிதராக நடத்துவதும் அவர் வென்ற பாடங்கள். கண்ணுக்கெட்டாத தொலைவில் உழைப்பவருக்கும் நாம் பொறுப்பாளிகள் என்பது அவர் தாமதமாகக் கற்ற பாடம். முதலிரண்டை மட்டும் எழுதி அவரைப் புகழ்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது மூன்றாவதுதான்.

வாப்பா மாக் கலக்கவில்லை. விலகிப்போன கடைகளில் இரண்டு திரும்பி வந்தன, மற்றவை வரவில்லை. நட்டம் இன்னும் முழுமையாக ஈடாகவில்லை. அண்மையில் ஒரு நாள் செத்தல் மூடைகளை இறக்கும்போது, இவற்றைக் காய வைத்துப் பொறுக்கியவர்களுக்கு என்ன கூலி கிடைத்திருக்கும் என்று வாப்பாவிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுமுறை மிளகாய் வாங்கப் போகும்போது விசாரித்து வந்து சொல்வதாகச் சொன்னார்.