உயிர் காக்கும் பெல்ட் தந்தவர்

செங்கல்பட்டு நெடுஞ்சாலையிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் இரவும் பகலும் கார்கள் பறக்கின்றன. காரில் ஏறியதும் தோளிலிருந்து இழுத்து மாட்டுகிறார்களே, அந்த பெல்ட்டைத் தந்தவர் யார்?

அவர் பெயர் நீல்ஸ் போலின். 1920-ம் ஆண்டு சுவீடன் நாட்டில் பிறந்தார். என்ஜினீயரான அவர், முதலில் சாப் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே தள்ளிக் காப்பாற்றும் கருவியை அமைப்பது அவர் வேலை.

1958-ல் வால்வோ கார் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது பெரும்பாலான பெல்ட்டுகள் இடுப்பை மட்டுமே சுற்றின. கார் மோதினால் தலை முன்னே போய் இடித்தது. போலின் மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை வைத்து, இரண்டையும் ஒரே கொக்கியில் சேர்த்தார். ஒரு கையாலேயே மாட்டிவிடலாம். 1959-ல் அது வால்வோ கார்களில் வந்தது.

கம்பெனி அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மற்றக் கம்பெனிகளும் பணம் தராமலே பயன்படுத்த அனுமதித்தது.

ஆனாலும் பலர் பெல்ட் மாட்டத் தயங்கினார்கள். போலின், வால்வோ கார்கள் சிக்கிய 28 ஆயிரம் விபத்துகளை ஆராய்ந்து, 1967-ல் முடிவை வெளியிட்டார். பெல்ட் போடாதவர்கள் குறைந்த வேகத்திலும் இறந்திருந்தார்கள். போட்டவர்களிலோ, மணிக்கு 96 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை!

போலின் 2002-ல் 82 வயதில் காலமானார். அவர் தந்த பெல்ட் இன்று பின் இருக்கையிலும் இருக்கிறது. ஆனால் மாட்டினால்தான் அது காக்கும்.