கட் அண்ட் ஃபில்லுக்குப் பின்னாடி ஒரு மனுஷன்

போன மாசம் எங்க ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஒரு மனைப்பிரிவு லேஅவுட்டுக்கு சிவில் த்ரீடியில சர்ஃபேஸ் உருவாக்கி, எவ்வளவு மண் வெட்டணும், எவ்வளவு கொட்டணும்னு ரிப்போர்ட் எடுத்து வச்சிருந்தோம். அதுவரைக்கும் ஆட்டோகேடுல வெறும் கோடா இழுத்துட்டு இருந்த எங்களுக்கு, ஒரே கிளிக்கில கன அளவு வந்து நின்னது பெரிய கெத்தா இருந்துச்சு. வந்திருந்த சார் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். இந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு. மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தோம்.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படிச்சப்போ கிடைச்சவர்தான் காஸ்பார் மோன்ஜ்.

1746-ல பிரான்ஸின் பர்கண்டி பகுதியில போன்ங்கிற ஊர்ல பிறந்தார் (நம்ம கையில இருக்குற போன் இல்ல, ஊர் பேரே அதுதான்). அப்பா ஊர் ஊரா சுத்தி வியாபாரம் பண்ணினவர். பையன் படிப்புல சூரன். லியோன் நகரத்துல படிக்கப் போன இடத்துலயே, 17 வயசுல பாடம் எடுக்கற அளவுக்கு வந்துட்டார். ஊருக்குத் திரும்பினதும் அளக்குற கருவிகளைத் தானே செஞ்சு, சொந்த ஊரை அளந்து ஒரு பெரிய வரைபடம் போட்டார். அதைப் பார்த்த ஒரு ராணுவ அதிகாரி அசந்துபோய், மெஸியேர்ல இருந்த ராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரைச் சிபாரிசு பண்ணினார்.

அங்கதான் முதல் அடி. அந்தப் பள்ளியில அதிகாரியா படிக்கணும்னா பிரபு குடும்பத்துல பிறந்திருக்கணும். வியாபாரி மகனுக்கு வகுப்புல இடம் கிடையாது. படம் வரையறது, பிளாஸ்டர்ல கோட்டை மாடல் செய்யறதுன்னு எடுபிடி வேலை நடக்குற பிரிவுலதான் அவரைச் சேர்த்தாங்க.

ஒருநாள் ஒரு கோட்டையோட டிசைன் கணக்கு அவர் கைக்கு வந்துச்சு. கோட்டையைச் சுத்தி மேடு பள்ளமான நிலம். எந்த மேட்டுல எதிரி பீரங்கியை நிறுத்தினாலும் உள்ள இருக்குறவங்க மேல குண்டு விழக் கூடாது. அதுக்குச் சுவர் எங்கே எவ்வளவு உயரம் வேணும்? அந்தக் காலத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா கணக்குப் போடுவாங்க, முடிக்க நாள் கணக்கா ஆகும். மோன்ஜ் எண்களை ஓரமா வச்சுட்டு, நிலத்தோட வடிவத்தையே பேப்பர்ல ஜியோமெட்ரியா வரைஞ்சு சீக்கிரமே விடையோட வந்துட்டார். மேலதிகாரி அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்னுட்டார். இவ்வளவு வேகமா முடிச்சிருந்தா அது தப்பாத்தான் இருக்கும்னு அவர் நினைப்பு. மோன்ஜ் விடலை. கடைசியில சரிபார்த்தாங்க, விடை சரியா இருந்துச்சு.

நமக்கும் அவருக்கும் வித்தியாசம் இங்கதான் இருக்கு. அவர்கிட்ட வேகமும் இருந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு கேட்டா காட்டுறதுக்கு வழிமுறையும் இருந்துச்சு.

அதுக்கு அப்புறம் அவரைக் கணக்கு வாத்தியாரோட உதவியாளராக்கி, பின்னாடி வாத்தியாராவே ஆக்கினாங்க. ஆனா அந்த முறையை ராணுவ ரகசியம்னு பூட்டி வச்சுட்டாங்க. 1795-ல பாரிஸ்ல பாடமா நடத்தினப்போதான் அது வெளி உலகத்துக்கு வந்துச்சு. அதோட பேர் விவரண வடிவியல். முதல் வருஷம் என்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல எக்ஸ்-ஒய் கோடு போட்டு, கீழ டாப் வியூ, மேல ஃப்ரன்ட் வியூன்னு வரைஞ்சு கண்ணு கலங்கினோமே, அதேதான். முப்பரிமாணப் பொருளை ரெண்டு படமாக்கி, அந்த ரெண்டு படத்துல இருந்தே நிஜ நீளத்தையும் கோணத்தையும் எடுக்கற வித்தை.

நம்ம ப்ராஜெக்டுக்கு இன்னும் நெருக்கமான விஷயம் 1781-ல அச்சான அவரோட ஒரு கட்டுரை. வெட்டுற இடத்துல இருந்து கொட்டுற இடத்துக்கு மண்ணைக் கொண்டு போறதுல மொத்தச் செலவு குறைவா வரணும்னா, எந்த மண் எங்க போகணும்? இதுதான் கேள்வி. கட் அண்ட் ஃபில்லேதான்! இந்தக் கேள்வி அவரோட முடியலை. 20-ஆம் நூற்றாண்டுல சோவியத் கணித மேதை கான்டரோவிச் இதே மாதிரி கணக்கை வேற வழியில தொட்டார். இன்னிக்கு ரெண்டு பேர் பேரையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைச் சொல்றாங்க.

பிரெஞ்சுப் புரட்சி வந்தப்போ மோன்ஜ் அதோட பக்கம் நின்னார். கொஞ்ச நாள் கடற்படை அமைச்சர். பீரங்கி வார்க்கறது எப்படின்னு பட்டறைக்காரங்களுக்குப் புத்தகம் எழுதினார். 1794-ல தொடங்கின எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவர். அங்க சேர பிறப்பு தேவையில்லை, தேர்வுல ஜெயிச்சா போதும். மெஸியேர்ல அவருக்கு மூடின கதவு அங்க மத்தவங்களுக்குத் திறந்துச்சு. 1798-ல நெப்போலியனோட எகிப்துக்கும் போனார்.

அந்த நட்புதான் கடைசியில வினையாச்சு. நெப்போலியன் வீழ்ந்ததும், 1816-ல மோன்ஜை அறிவியல் அகாடமியில இருந்தே நீக்கினாங்க. மனசு உடைஞ்ச மனுஷன் 1818 ஜூலை 28-ல இறந்தார். இறுதி ஊர்வலத்துக்குப் போகக் கூடாதுன்னு பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தடை. அவங்க தடையை மீறலை. ஆனா அடுத்து வெளிய போக அனுமதி கிடைச்சதுமே கல்லறைக்குப் போய் மலர்வளையம் வச்சாங்க. 1989-ல பிரான்ஸ் அவரோட எச்சங்களைப் பாந்தியோனுக்குக் கொண்டு போய் மரியாதை செஞ்சது.

சரி, எங்க ரிவ்யூவுக்கு வருவோம். அடுத்த வாரம் திரும்ப சார்கிட்ட போனோம். சர்வே புள்ளிகளை முக்கோணமா இணைச்சா இப்போ இருக்குற நிலம் ஒரு பரப்பு, நாம டிசைன் பண்ணின நிலம் இன்னொரு பரப்பு, ரெண்டுக்கும் நடுவுல வர்ற துண்டுகளோட கன அளவைக் கூட்டினா அதுதான் அந்த நம்பர்னு போர்டுல வரைஞ்சு காட்டினோம். ஒரு சின்ன மூலையைக் கையாலயே கணக்குப் போட்டும் காட்டினோம். சார் தலையை ஆட்டினார்.

டூடியில இருந்து த்ரீடிக்கு மாறுறவங்க கண்டிப்பா மாறுங்க. ஆனா மாறுறதுக்கு முன்னாடி, அந்தப் பழைய கிராஃபிக்ஸ் நோட்டை மட்டும் பழைய பேப்பர் கடையில போட்டுடாதீங்க.