நைட்டிங்கேல் அம்மையாரின் கணக்கேடு

கைவிளக்கேந்திய காரிகை என்றவுடன், இருண்ட மருத்துவமனைக் கூடத்தில் கட்டில்களுக்கிடையே நடந்து செல்லும் ஒரு பெண்மணியின் உருவம் நம் கண்முன் வந்து நிற்கிறது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி நாம் கீழ்வகுப்புகளிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அவர் கையில் அந்த விளக்கு இருந்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. பேனாவும் கணக்குத் தாளும் இருந்த காலமோ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! அந்தக் கணக்குத் தாளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே திங்கள் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர்ப் பெயரே அவருக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தின் செல்வக் குடும்பம் அவருடையது. தந்தையே வீட்டில் பாடம் கற்பித்தார். சிறுமிக்குக் கணிதத்தில் தனி விருப்பம். செவிலியர் பணிக்குச் செல்ல வேண்டும் என்று அவர் சொன்னபோது வீட்டார் பல ஆண்டுகள் தடுத்தனர். அக்காலத்தில் அது கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் செய்யும் வேலையாகக் கருதப்படவில்லை. அவரோ மனம் தளரவில்லை.

1854-இல் இங்கிலாந்து கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற வீரர்கள் கருங்கடலைக் கடந்து கான்ஸ்டான்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே அம்மையார் 38 பெண்களுடன் நவம்பர் 4-ஆம் நாள் வந்து சேர்ந்தார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பதை நம் பள்ளி மாணவியர் அறிந்தால் மகிழ்வர். லண்டன் பெர்மாண்ட்சி மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அவருக்கு வலக்கரமாக விளங்கினார். மதம் வேறாயினும் அந்த நட்பு 1874-இல் அன்னை இறக்கும்வரை நீடித்தது.

ஸ்கூட்டாரியில் அழுக்கும் நாற்றமும் ஒருபுறம். இன்னொரு குறையும் அவர் கண்ணில் பட்டது. இறந்தவர்களைப் பற்றி மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின! எத்தனை பேர் இறந்தனர் என்பதையே உறுதியாகக் கூற முடியாத இடத்தில், ஏன் இறந்தனர் என்பதை யார் கூறுவது?

எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆசிரியை மாதக் கடைசியில் கூட்டுத்தொகை போடுவதை நாங்கள் பார்க்கிறோம். ஒவ்வொரு நாளும் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் குறித்திருந்தால்தான் கூட்டல் சரியாக வரும். இறப்புக் கணக்கும் அப்படித்தான். இறந்த தேதி, இறந்த காரணம் ஆகிய இரண்டும் வேண்டும். பிறகு ஒரே மாதத்தவரை ஒன்றாகச் சேர்த்து, காரணத்தின்படி பிரித்துக் கூட்ட வேண்டும். இன்று கணினித் திரையில் தேதியைக் குறித்தால் நொடியில் விடை வந்துவிடுகிறது. அம்மையாருக்கு அந்த வசதி ஏது? போர் முடிந்து 1856-இல் நாடு திரும்பியவர், புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார் அவர்களின் துணையோடு கையாலேயே கூட்டினார்.

1855 ஜனவரி மாதத்து வரிசையைப் பாருங்கள். தொற்றுநோய்களால் இறந்தவர் 2,761. காயங்களால் இறந்தவர் 83. மற்றக் காரணங்களால் 324. ஆக மொத்தம் 3,168. பகைவரின் குண்டு ஒருவரைக் கொன்றால் பேதியும் காய்ச்சலும் முப்பத்து மூன்று பேரைக் கொன்றிருக்கின்றன! படையில் அப்போது இருந்தவர் 32,393 பேர். 2,761-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 33,132. அதாவது ஓராண்டு இப்படியே சென்றிருந்தால் நோய் ஒன்றே படை முழுவதையும் விழுங்கியிருக்கும்.

இந்தக் கணக்கில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அம்மையார் வந்து சேர்ந்த நவம்பரில் நோயால் இறந்தவர் 844. டிசம்பரில் 1,725. ஜனவரியில் மேற்சொன்ன தொகை. அவர் இரவும் பகலும் பணிசெய்த மாதங்களில்தான் சாவு ஏறியது! 1855 மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைச் சீர்செய்து, குடிநீரைத் தூய்மையாக்கிய பின்னரே அது வேகமாக இறங்கியது. 1856 ஜனவரியில் 44,212 பேர் கொண்ட படையில் நோயால் இறந்தவர் 42 பேர்தான். நாடே தெய்வமாகப் போற்றிய ஒருவர் இந்த எண்களை மூடி வைத்திருக்கலாம். கேட்பார் யாருமில்லை. அவரோ ஸ்கூட்டாரியின் கணக்கையும் சேர்த்தே அரசுக்கு எழுதினார். எங்களுக்கு அவருடைய விளக்கைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது.

எண்களைக் கண்டால் அமைச்சர்கள் கொட்டாவி விடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, 1858-இல் அவற்றை வண்ணப் படமாக வரைந்தார். மாதத்திற்கு ஓர் இதழாக விரியும் படம் அது. நோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, மற்றவற்றிற்குக் கறுப்பு. நீலம் பரந்து கிடக்க, சிவப்பு நடுவில் ஒடுங்கியிருக்கும். லண்டன் புள்ளியியல் கழகம் அவ்வாண்டே அவரை உறுப்பினராக்கியது. அதில் இடம்பெற்ற முதல் பெண் அவரே.

அடுத்து அவர் மருத்துவமனைகளுக்கு ஒரே மாதிரியான படிவம் ஒன்றை வகுத்தார். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த நோயாளிகள், புதிதாகச் சேர்ந்தவர், குணமானவர், இறந்தவர், எஞ்சியவர் என்று நோய்வாரியாகக் கட்டங்கள். 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு அதனை ஏற்றது. ஆனால் நிரப்புவது பெருவேலையாக இருந்ததால் அது நிலைக்கவில்லை.

நம் நாட்டுக்கும் அவருடைய படிவங்கள் வந்தன. சென்னை மாகாணம் உட்பட இந்தியாவின் படைநிலையங்கள் அனைத்திலிருந்தும் விடைகள் சென்றன. ஆண்டுதோறும் ஆயிரம் ஆங்கிலேய வீரருக்கு 69 பேர் மடிந்தனர் என்பது 1863-இல் வெளியான அறிக்கையால் தெரிந்தது. கிரிமியாவில் பற்றிய காய்ச்சலால் பெரும்பாலும் படுக்கையில் இருந்த அம்மையார், இந்தியாவைக் கண்ணால் கண்டதே இல்லை.

1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் என்னும் உயரிய விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கே, வழங்கப்பட்டது. 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. குடும்பத்தார் அதை ஏற்காமல் ஈஸ்ட் வெல்லோ சிற்றூரின் ஆலய முற்றத்தில் அடக்கம் செய்தனர். அந்தக் கல்லில் அவருக்கென்று பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.