பாம்புக்கடிக்கு வழி சொன்ன டாக்டர் ரீட்

பால்மரம் வெட்டும் நமக்கு விரியனைத் தெரியாதா? மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் என்பார்கள். செபராங் பிறை, கெடா, பெர்லிஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் சருகோடு சருகாய்ச் சுருண்டு கிடக்கும். ஆள் வந்தாலும் நகராது. தெரியாமல் காலை வைத்தால் கடிக்கும். கடித்த பிறகும் அங்கேயே கிடக்கும்.

இந்தக் கடியை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் டாக்டர் ஹியூ அலிஸ்டர் ரீட். 1913ல் பிறந்த இந்த வெள்ளைக்கார டாக்டர், 1950களின் தொடக்கத்தில் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, பத்தாண்டுக்கு மேல் வேலை பார்த்தார். அந்நாளில் பாலம் ஏது? பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறித்தான் அக்கரை போகவேண்டும். கடற்பாம்பு கடித்த மீனவர்களையும், விரியன் கடித்த தோட்டத்தாரையும் அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக் குறித்து வைத்தார்.

1963ல் தம் முடிவுகளை இங்கிலாந்து மருத்துவ ஏடுகளில் வெளியிட்டார். ரத்தத்தை உறையவைக்கும் சத்தை இந்த விஷம் தின்று தீர்த்துவிடுகிறது. ஆள் நன்றாக நடமாடுவார். ஆனால் கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் தண்ணீராகவே நிற்கும். மருந்து போடாவிட்டால் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில்கூட அப்படியே இருக்கும். எச்சிலில் ரத்தம் வருவதும் ஓர் அறிகுறி.

கடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு விஷம் அதிகம் ஏறுவதில்லை என்பதையும் அவர் கண்டார். ஆகவே எல்லாருக்கும் ஊசி வேண்டாம். ரத்தம் உறைகிறதா என்று பார்த்து, உறையாதவருக்கு விரியனுக்கென்றே உள்ள விஷமுறிவு மருந்தைக் கொடுக்கவேண்டும் என்றார். அதைக் கொடுத்தால் ரத்தம் மறுபடி உறைந்தது. அதே விஷத்திலிருந்து, ரத்தக் கட்டி நோய்க்கு ஆர்வின் என்ற மருந்தும் பின்னாளில் செய்து பார்த்தார்கள்.

பிறகு அவர் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போய், 1983ல் காலமானார்.

அவரிடம் நாம் படிக்கவேண்டியது இதுதான். கடிவாயைக் கத்தியால் கீறாதீர்கள். உறையாத ரத்தம் நிற்காமல் ஓடும். கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வலி குறைந்துவிட்டது என்று பாதியில் வீட்டுக்கு ஓடிவராதீர்கள். ரத்தம் உறைகிறது என்று டாக்டர் சொல்லட்டும்.

டாக்டர் ரீட்டின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. அவருக்குப் பாடம் சொன்ன தமிழர், மலாய்க்காரர், சீனர் பெயர்கள் அங்கே இல்லை. அவர்கள் ரத்தத்தில் கண்ட உண்மைதான் இன்று நம் உயிரைக் காக்கிறது.